மலைக்கு எந்த சிம்? ஒரு பழைய உரையின் திருத்தம்



2017 ஜனவரியில் இதே வானொலியில் பத்து நிமிட உரை ஒன்று செய்திருந்தேன். மியன்மாரில் மலைநடை போகிறவர்கள் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையை வாங்கவேண்டும் என்பதுதான் விடயம். அப்போது நானும் மனைவியும் மகளும் யாங்கூனுக்குப் போய், அங்கிருந்து கலோ என்ற மலையூருக்குப் பயணித்து, இன்லே ஏரிவரை மூன்று நாள் நடந்து திரும்பியிருந்தோம். "யோசிக்காமல் டெலினோரை வாங்குங்கள், அது எங்கள் நாட்டு நிறுவனம்" என்று உரையை முடித்திருந்தேன். அண்மையில் ஒரு நேயர் தொலைபேசியில் அழைத்து, மகன் ஹார்டங்கர் மலைப்பக்கம் நண்பர்களோடு நடக்கப் போகிறான், அந்தப் பழைய உரையின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். தேடி எடுத்து வாசித்துப் பார்த்தேன். அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. கணக்கில் ஒரு பதிவு பிழையென்று தெரிந்தால் அழிக்கக்கூடாது, திருத்தப் பதிவு போடவேண்டும் என்று வர்த்தகப் பாடத்தில் எமக்குச் சொல்லித் தந்தார்கள். இது அந்தத் திருத்தப் பதிவு.

யாங்கூனை எங்கள் மூத்தவர்கள் இரங்கூன் என்றே சொல்வார்கள். அங்கே அநோரதா வீதியில் 1871 இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோவில் இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் தமிழ் காதில் விழும். நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலை அந்தப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரைச் சந்தித்தோம். கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வெற்றிலை, பாக்கு, சிகரெட், அவற்றோடு மூன்று நிறுவனங்களின் சிம் அட்டைகள். "எது வேணும் தம்பி? எல்லாம் ஒரே விலைதான், ஆயிரத்தைந்நூறு கியாட்" என்றார். அப்போது அது ஒன்றரை டொலர் கூட இல்லை.

அந்த விலையைச் சொல்லிவிட்டு அவர் சிரித்ததன் காரணம் பிறகுதான் விளங்கியது. 2000களின் முற்பகுதியில் அதே யாங்கூனில் ஒரு சிம் அட்டை இரண்டாயிரம் டொலருக்கும் மேலே போனது. எம்.பி.ரி. என்ற அரச நிறுவனம் மட்டுமே தொலைபேசி நடத்திய காலம் அது. விலையை அந்த உயரத்தில் வைத்திருந்ததால், யார் யாருடன் பேசலாம் என்பது தானாகவே அரசாங்கத்தின் கையில் இருந்தது. சாதாரண சனங்களுக்கு நடைபாதைத் தொலைபேசிதான். ஒரு சின்ன மேசை, அதன்மேல் வீட்டுத் தொலைபேசி, பக்கத்தில் ஒரு மணிக்கூடு, நிமிடக் கணக்கில் காசு. பெரியவரும் தன் கடை வாசலில் அப்படி ஒரு மேசை போட்டிருந்தாராம். பேசுகிறவர்களின் குடும்பக் கதை முழுவதும் தெருவுக்கே கேட்கும் என்றார். எங்களில் பலருக்கு அது புதிதல்ல. வவுனியாவிலும் கொழும்பிலும் தொலைத்தொடர்பு நிலையங்களில் வரிசையில் நின்று, பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி அழுதவர்கள்தானே நாங்கள்.

மலைக்கு நடக்கப் போகிறோம் என்றதும் பெரியவரின் முகம் சற்று மாறியது. அவருடைய தகப்பனாரின் அண்ணன் 1942 இல் நடந்து போனவர். யப்பானியர் வந்தபோது பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும், தாமு வழியாக இம்பாலுக்கும், வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக லெடோவுக்கும் நடந்தார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் சேர்ந்து பல்லாயிரம் பேரை வழியிலேயே கொண்டுபோயின. அந்தப் பெரியப்பாவிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. இறந்தார் என்றும் செய்தியில்லை. திதி எந்த நாளில் செய்வதென்று தெரியாமல் ஆடி அமாவாசையில் கொடுத்து வருகிறார்களாம். "மலைக்குப் போறீங்கன்னா ஒண்ணுக்கு ரெண்டு சிம்மா வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி, காசு வாங்காமல் ஒன்றைக் கையில் தந்தார்.

ஒன்றரை டொலருக்கு சிம் வந்த கதை சுருக்கமானது, ஆனால் உலகத்தில் அதிகம் நடக்காதது. 2012 இல் அந்த நாட்டில் நூறு பேரில் பத்துப் பேரிடம்கூடக் கைத்தொலைபேசி இல்லை. 2013 ஏப்ரலில் அரசு 350,000 மலிவு சிம்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. பெயர் விழுந்தவர்களில் பலர் அதைப் பல மடங்கு விலைக்குக் கைமாற்றினார்கள். அதே ஆண்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கக் கேள்வி அறிவித்தபோது தொண்ணூறுக்கு மேற்பட்டோர் விருப்பம் தெரிவித்தனர். ஜூன் 27 அன்று இரண்டு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று கட்டாரின் ஊரிடூ, மற்றது நோர்வேயின் டெலினோர். பதினைந்து ஆண்டு உரிமத்துக்கு டெலினோர் கட்டிய தொகை 50 கோடி டொலர். 2014 ஓகஸ்டில் ஊரிடூவும், செப்டெம்பரில் மண்டலையில் டெலினோரும் சேவையைத் தொடங்கின. யாங்கூனுக்கு டெலினோர் ஒக்டோபரில் வந்தது. எம்.பி.ரி.யும் சும்மா இருக்கவில்லை. யப்பானின் கே.டி.டி.ஐ., சுமிட்டோமோ நிறுவனங்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்குள் அந்த நாட்டில் மக்கள் தொகையளவுக்கு சிம் அட்டைகள் புழங்கத் தொடங்கிவிட்டன.

எந்த சிம் என்ற கேள்விக்கு அப்போதே அரசியலும் சமயமும் ஒட்டிக்கொண்டன. ஊரிடூ முஸ்லிம் நாட்டு நிறுவனம் என்பதால் அதைப் புறக்கணிக்கும்படி 2014 ஜூனில் சில பௌத்த பிக்குகள் பிரசாரம் செய்தார்கள். யாங்கூன் தமிழர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரர் மூன்று நிறுவனத்தினதையும் ஒரே பெட்டியில் அடுக்கி வைத்திருந்தது வியாபாரம் மட்டும் கருதியல்ல என்று நினைக்கிறேன்.

இனி மலைக்கான நுட்பத்துக்கு வருகிறேன். பழைய உரையில் இந்தப் பகுதி பிழையில்லை, ஆகவே ஏறக்குறைய அப்படியே தருகிறேன். அலைவரிசை எண் குறையக் குறைய சிக்னல் தூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2100 மெகாஹேட்ஸ் நகரத்துக்கு நல்லது. 900 காட்டுக்கும் மலைக்கும் நல்லது. நோர்வேயில் 1981 இல் வந்த முதலாவது தானியங்கிக் கைத்தொலைபேசி வலை 450 இல் ஓடியது. செங்கல் அளவு கருவியாக இருந்தாலும், மலைக்குடில்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் 2004 இல் மூடப்படும்வரை அதைக் கைவிடாதவர்கள் இருந்தார்கள். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எம்மவர் சிலருக்கு அது நினைவிருக்கும். எம்.பி.ரி.யும் ஒரு காலத்தில் அதே 450 இல் ஒரு சேவை நடத்தியது, தொலைதூரக் கிராமங்களில் அதற்கு நல்ல பெயர். ஊரிடூ 3ஜி மட்டும் கொண்டு தொடங்கியது. டெலினோர் 2ஜியையும் சேர்த்துத் தொடங்கியது. இணையம் வேண்டாம், ஆபத்தில் ஒரு அழைப்பு போனால் போதும் என்கிற மலைநடைக்காரருக்கு அந்தப் பழைய 2ஜியே உதவி.

இன்னொன்று, இரண்டு சிம் வைத்திருந்தால் இரண்டு வழி என்று எண்ணிவிடக்கூடாது. மியன்மாரில் கோபுரங்களைக் கட்டிப் பராமரிக்கத் தனி நிறுவனங்கள் உண்டு. ஒரே கோபுரத்தில் இரண்டு தொலைபேசி நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கலாம். மின்கம்பி போகாத மலைகளில் அந்தக் கோபுரம் டீசல் இயந்திரத்தில் ஓடும். டீசல் முடிந்தால் இரண்டு சிம்மும் ஒரே நிமிடத்தில் செத்துவிடும்.

கலோ ஏறத்தாழ 1300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர் கோடைக்கு ஒதுங்கிய ஊர். புகையிரதப் பாதை போட வந்த இந்தியர்களின் பேரப்பிள்ளைகளை அங்கே இன்னும் காணலாம். அங்கிருந்து தனு, பா-ஓ, தௌங்யோ மக்களின் கிராமங்கள் வழியாக, இஞ்சித் தோட்டமும் மிளகாய்த் தோட்டமுமாக நடை போகும். செம்மண். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் கண்ணில் நிற்கும். இரண்டாம் நாள் பின்னேரம், இரண்டு குன்றுகளுக்கு இடையில் இறங்கும்போது மனைவியின் கால் மடங்கிவிட்டது. வீங்கி, நிலத்தில் ஊன்ற முடியவில்லை. என்னிடமிருந்த இரண்டு சிம்மிலும் ஒரு கோடுகூட இல்லை. சிக்னலைத் தேடித் தேடி மின்கலமும் அரைவாசிக்குக் கீழே போயிருந்தது. நடக்கும் நேரத்தில் விமான நிலையில் போட்டு வைத்திருக்கவேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், நானே போட மறந்துவிட்டேன். எங்கள் வழிகாட்டி ஒரு பா-ஓ இளைஞர். பொத்தான் வைத்த மலிவுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு குன்றின் முதுகுக்கு ஏறினார். அங்கிருந்தும் அழைப்புப் போகவில்லை, குறுஞ்செய்தி போனது. குறுஞ்செய்திக்கு ஒரு நொடிச் சிக்னல் போதும். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு வந்து மனைவியை ஏற்றிப் போனார். எந்த சிம் என்று பிறகு வழிகாட்டியிடம் கேட்டேன். அடுத்த கிராமத்துக்கு எந்தக் கோபுரம் பக்கமோ அந்த சிம், ஒவ்வொரு பாதைக்கும் வேறு என்றார்.

இவ்வளவும் கண்ணால் கண்டுவிட்டு வந்துதான் "எங்கள் நாட்டு நிறுவனத்தை வாங்குங்கள்" என்று வானொலியில் பேசினேன். யாங்கூனில் தெருமுனையெல்லாம் அந்த நீலச் சின்னத்தைக் கண்டபோது வந்த பெருமை அது. அகதியாக வந்து இறங்கிய நாட்டை இன்னொரு நாட்டுத் தெருவில் "எங்களுடையது" என்று சுட்டிக்காட்டக் கிடைத்த சந்தர்ப்பம். திரும்பி வரும்போது பெரியவருக்கும் அதையே சொன்னேன். நோர்வே அரசுக்குப் பாதிக்கு மேல் பங்கு உண்டு, நேர்மையான கணக்கு, பிள்ளைகளுக்கு அதையே வாங்கிக் கொடுங்கள் என்று. அவர் கேட்டார். அவருடைய இரண்டு மகன்மாரும் இலக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அந்த உரையில் நான் தொடாமல் விட்டது, சிக்னல் எங்கே நிற்கும் என்பதை மலை மட்டும் தீர்மானிப்பதில்லை என்ற விடயம். வா பகுதியிலும் மொங்லாவிலும் சீன சிம்தான் வேலை செய்யும். மியாவடி, தாச்சிலெக் எல்லைகளில் தாய்லாந்து சிம்மைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். யாருடைய ஆட்சி எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தைவிடத் தொலைபேசித் திரை நன்றாகக் காட்டும். 2018 இல் நான்காவதாக மைடெல் வந்தது. அதில் வியட்நாம் இராணுவத்தின் வியெட்டெலுக்கு 49 வீதம், மியன்மார் இராணுவத்தின் கம்பனி ஒன்றுக்கு 28 வீதம். 2019 ஜூன் 21 அன்று ரக்கைன், சின் மாநிலங்களில் ஒன்பது நகரசபைப் பகுதிகளில் கைத்தொலைபேசி இணையம் ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டது. கோபுரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

2021 பெப்ரவரி 1 அதிகாலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது முதலில் அறுந்தவை தொலைபேசியும் இணையமும்தான். டெலினோர் முதல் இரண்டு வாரம் தனக்கு வந்த உத்தரவுகளின் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட்டது. பெப்ரவரி நடுப்பகுதியில் இனி வெளியிட முடியாது என்று அறிவித்தது. மார்ச் 15 இல் கைத்தொலைபேசி இணையம் நாடு முழுவதும் போனது. மே மாதத்தில் நிறுவனம் மியன்மார் முதலீட்டில் 650 கோடி குரோனரை நட்டமாக எழுதித் தள்ளியது. ஜூலை 8 அன்று முழு வியாபாரத்தையும் லெபனானின் எம்-1 குழுமத்துக்கு 10 கோடி 50 இலட்சம் டொலருக்கு விற்பதாக அறிவித்தது. உரிமத்துக்கு மட்டும் கட்டிய 50 கோடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

விற்றதற்கு டெலினோர் சொன்ன காரணத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்கும்படி அழுத்தம் வந்தது, அதைச் செய்வது ஐரோப்பியத் தடைகளை மீறுவதாகும், ஊழியர்களின் உயிர் பாதுகாப்பும் இருக்கிறது, ஆகவே தொடர முடியாது என்றார்கள். அது பொய்க் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விற்பனையோடு 1 கோடி 80 இலட்சம் வாடிக்கையாளர்களின் விபரங்களும் போயின. பெயர், அடையாள அட்டை, யார் யாருடன் எப்போது பேசினார், எந்தக் கோபுரத்தின் கீழ் நின்று பேசினார் என்ற பதிவுகள். அவற்றை அழித்துவிட்டுப் போகும்படி கேட்டவர்களுக்கு, அழிப்பது உள்நாட்டுச் சட்டத்துக்கு மாறு, ஊழியர்களுக்கு ஆபத்து என்று பதில் சொல்லப்பட்டது. 470க்கு மேற்பட்ட மியன்மார் அமைப்புகளின் சார்பில் ஒஸ்லோவில் முறைப்பாடு பதிவானது. 2022 மார்ச் 25 இல் விற்பனை முடிந்தது. உள்ளூரில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது இராணுவத்துக்கு நெருக்கமானது என்று செய்தியாளர்கள் எழுதிய ஷ்வே பைன் பியூ என்ற கம்பனி. ஜூன் மாதத்தில் பெயர்ப்பலகை 'அட்டம்' என்று மாறியது. ஊரிடூவும் 2024 இல் சிங்கப்பூரில் பதிவான ஒரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது.

முப்பது வருடமாக ஐந்தொகை பார்க்கிறவன் நான். கோபுரத்துக்கு ஒரு வரி உண்டு, உரிமத்துக்கு ஒரு வரி உண்டு, பெறுமானத் தேய்வுக்கும் உண்டு. அந்த அழைப்புப் பதிவுகளுக்கு எந்த வரியும் இல்லை. சொத்திலும் இல்லை, பொறுப்பிலும் இல்லை.

2022 ஏப்ரலில் ஒரு நாள் பெரியவர் அழைத்தார். மகன்களின் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "தம்பி, நாங்க இத்தனை வருஷமா பேசின கணக்கெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. கொழும்பில் விடுதியில் தங்கியபோது பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர்? 2007 ஜூன் 7 அன்று விடுதிகளிலிருந்து பேருந்தில் ஏற்றப்பட்டவர்களின் உறவுகளும் எங்களிடையே இருக்கிறார்கள். பெயர்ப்பட்டியல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதென்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் நான் கோபுரத்தின் உயரத்தை மட்டும் பார்த்துப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

இன்று அந்த மலைகளில் நடக்கப் போங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். போர் நடக்கும் நாடு. பல கோபுரங்கள் தகர்க்கப்பட்டுவிட்டன, பாதைகளில் கண்ணிவெடி ஆபத்தும் உண்டு. பெரியவர் குடும்பம் இப்போது கடையில் சிம் விற்பதில்லை.

கேள்வி கேட்ட நேயருக்கு: உங்கள் மகன் ஹார்டங்கருக்குப் போகுமுன் டெலினோர், டெலியா இரண்டினதும் சிக்னல் வரைபடத்தை அவன் நடக்கும் பாதையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நண்பர்களில் ஒருவராவது மற்ற வலையில் இருக்கட்டும். பாதை வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்து, கடதாசியிலும் ஒன்று கொண்டு போகட்டும். நடக்கும்போது விமான நிலை. 112 எந்த வலையில் சிக்னல் இருந்தாலும் போகும், ஒன்றிலுமே இல்லாவிட்டால் அதுவும் போகாது. எங்கே போகிறான், எத்தனை மணிக்குள் அழைப்பான் என்று உங்களிடம் எழுதித் தரட்டும்.

மலைக்குடில்களில் ஒரு பதிவுக் கொப்பி வைத்திருப்பார்கள். பெயர், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே என்று மூன்று விடயம். யாரும் காணாமல் போனால் மீட்புக்காரர் முதலில் புரட்டுவது அதைத்தான். முன்பெல்லாம் நான் அதைக் கவனிக்காமல் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். இப்போது எழுதுகிறேன். சென்ற கோடையில் மகள் பக்கத்தில் நின்று, "அப்பா, எங்கிருந்து என்ற இடத்தில் ஊர்ப்பெயர் எழுதத் தேவையில்லை, நேற்றைய குடிலின் பெயர் போதும்" என்று சிரித்தாள். வெட்டிவிட்டுக் குடிலின் பெயரை எழுதினேன்.